தொட்டி குடித்த மூன்று சொட்டு

ஐந்து கண்ணாடித் துண்டுகள் இருந்தால் ஒரு குளமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஐம்பது வயதில் பிடிக்கிற பைத்தியம் லேசில் இறங்காது. கீழ்வேளூர் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டும் பாயிடம் போய் அளவு சொன்னேன்.

"ஷோகேஸா, அக்கா?"

"மீன் தொட்டி. நானே ஒட்டப் போறேன்."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். "சிலிக்கான் பூசிட்டு ரெண்டு நாளு தொடாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க, தொடாதீங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடெல்லாம் சிலிக்கானின் வினிகர் நெடி. அடுப்பில் பால் பொங்கியது, நான் தொட்டி வைத்த பெஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொட்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு வெயில்கள் முளைத்து, ஓட்டுக்கும் சுவருக்கும் தாவிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நாள் பூரா கசியாம நின்னா மீனுக்கு. கசிஞ்சா எனக்கு. வெதநெல்ல கொட்டி வச்சா எலி என்ன செஞ்சுரும்?" கசிய வேண்டும் என்று அவர் சாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தெருவே கத்தியது, தண்ணீர் வந்துவிட்டது என்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடையான எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனையோ நாளாகும். வந்தால் பூவோடும் மஞ்சளோடும் ஓடுவோம். நான் வாளியோடும் ஓடினேன். குழாயில் தண்ணீர் வரத்தான் செய்தது. ஆனால் அப்படியொரு நாளில், புதுத் தொட்டிக்கு முதல் தண்ணீராகக் குழாய்த் தண்ணீரை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. நுரையும் சருகுமாக ஓடிவந்ததை ஐந்து வாளி அள்ளி வந்து கொட்டினேன்.

தொட்டி நிறையப் பால் குறைந்த டீ.

"மீன் வளக்கப் போறியா, நாத்து விடப் போறியா?" என்று சிரித்த வீட்டுக்காரர், அன்றைய பேப்பரைத் தொட்டிக்கடியில் விரித்துவிட்டு மடை திறக்கப் போனார்.

மத்தியானம் இடது மூலையில் ஒரு சொட்டு திரண்டது. திரண்டு, யோசித்து, விழுந்தது. இரண்டாவது மெதுவாக வந்தது. மூன்றாவது வருவதற்குள் ஒரு காபி குடித்து முடித்தேன். பேப்பரில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரம். பேப்பரை மாற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. அவர் வரி விளம்பரம்வரை படிக்கிற மனிதர், வந்ததும் இன்றையது எங்கே என்பார். மாற்றாமல் நான்காவது சொட்டுக்குக் காத்திருந்தேன். அது வரவேயில்லை.

முழங்கால்வரை சேற்றோடு வந்தார். பேப்பரைக் காட்டினேன்.

"மூணு சொட்டுங்க. அப்பறம் நின்னுருச்சு."

மூலையை விரலால் தடவி, விரலை முகத்தருகே வைத்துப் பார்த்தார். "வண்டல் போயி அடைச்சிருக்கு. புது வயலு மொதத் தண்ணிய குடிக்கத்தான் செய்யும். சேறு படிஞ்சாத்தான் நிக்கும். அத எவனாச்சும் கசிவும்பானா?"

"அப்ப வெதநெல்லு?"

அவர் தொட்டிப் பக்கம் குனிந்தார். மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. அவர் மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"சும்மா இரு," என்றார். "உள்ள என்னமோ ஓடுது."