கடற்கரைக்குப் பட்டுப் பாவாடை

கடற்கரைக்கு யாராவது பட்டு உடுத்திக்கொண்டு போவார்களா? எனக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. இருந்தும் அந்தச் சின்னக் கேள்வி என் மண்டையில் உதிக்கவில்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் தவிரப் பெட்டியைத் திறக்காத அம்மா, அன்று தானாகவே அரக்கு நிறப் பாவாடையை எடுத்து நீட்டினாள். தன் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி எனக்குப் போட்டாள். நான் பூரித்துப்போனேன். அவ்வளவு மக்கு நான்.

ராயபுரத்தில் இருந்துகொண்டு கடல் பார்க்க வெளியே போவதே வேடிக்கைதான். எங்கள் தெருக்கோடியிலேயே கடல் இருந்தது. ஆனால் அங்கே கருவாடு காயும், ரயில் கரி பறந்து வந்து மூஞ்சியில் ஒட்டும். கோட்டையைத் தாண்டியிருந்த கடற்கரை வேறு. நல்ல மணல். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஐகோர்ட்டுக் கட்டடத்தின் தலைமேல் லைட் அவுஸ் தெரியும். அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியை ஏறியிருக்கிறார். துறைமுகத்துக் கப்பல்களும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையும் ஒரே பார்வையில் தெரியும் என்று சொல்லியிருந்தார். அவரைப் போலவே மேலே படித்து, டிரெயினிங் முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். ஊரை விட்டாலும் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. பிறத்தியார் எதைக் கொடுத்தாலும் பெண்பிள்ளை முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி வற்புறுத்துவார்கள். அப்போது வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று பெயர். இதை எனக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்தே தலையில் குட்டிப் பழக்கியிருந்தார்கள்.

கடைசித் தம்பியையும் தூக்கிக்கொண்டு ஜட்கா வண்டி பிடித்தோம். வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா மொதலாளி, பாப்பா பட்டு கட்டிகினு ஜோராக் கீது. பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“வண்டியப் பாத்து ஓட்டும்வே” என்றார் அப்பா. நான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மணலில் ஜமுக்காளம் விரித்ததும் லைட் அவுஸுக்குப் போகலாம் என்றேன். திரும்பும்போது ஏறலாம் என்றார் அப்பா. சரி, காலையாவது நனைக்கலாம் என்று எழுந்தேன். “பட்டு நனஞ்சிரும், சும்மா உக்காருட்டி” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவே இல்லை. அவ்வளவு பெரிய கடலுக்கு எதிரே, நாலு முழ ஜமுக்காளத்துக்குள் நான் அடைபட்டுக் கிடந்தேன். சரிகை கணுக்காலை அறுத்தது. ஜாக்கெட் வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அழுகை அழுகையாக வந்தது.

அப்போது ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போய், ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி வந்தது. நடுவயது அம்மாள் ஒருவர், அவர் கணவர், பின்னால் குடை பிடித்தபடி ஒரு வாலிபர்.

“பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சால்லா இருக்கு! எந்த ஊரு அண்ணாச்சி?” என்றார் அந்த அம்மாள்.

அப்பாவும் அதிசயப்பட்டு எழுந்து நின்றார். அவருக்கு அவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. திருவொற்றியூரில் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அவர்களும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து முறுக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன். “சும்மா எடுத்துக்கோம்மா” என்று மறுபடி நீட்டினார். எடுத்துக்கொண்டேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அலுத்துப்போயிருந்த எனக்குப் பேச்சுக்கு ஆள் கிடைத்ததே பெரிது. அவர் கேட்கக் கேட்க, ரசம் வைப்பேன், மாவாட்டுவேன், தம்பிகளைக் குளிப்பாட்டுவேன் என்று அளந்துவிட்டேன். பாதி பொய். அம்மா அப்போதுதான் என் கையை விட்டாள்.

“எட்டு முடிச்சு மேல படிக்க ஆசை இருக்கா?”

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. ‘ஆமாம்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அதெல்லாம் வேண்டாம்” என்றேன்.

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தேன். மறுபடி கேட்பார் அல்லவா? அவர் தலையை ஆட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, ஊரில் மழை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் அதே வண்டி ஐகோர்ட்டைத் தாண்டியது. “அப்பா, லைட் அவுஸ்!” என்று கத்தினேன். அப்பா திரும்பவில்லை. “அந்தக் குடை பிடிச்ச பையன் வீட்டுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சுட்டி. தையில கல்யாணம்” என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். அதனால் தற்செயலாகச் சந்தித்ததுபோல ஓர் ஏற்பாடு. பெண் மிரண்டுவிடுவாள் என்று அவளுக்கும் சொல்வதில்லை.

“நா அப்பவே சொன்னேன்ல” என்றார் வண்டிக்காரர். குதித்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் அம்மா, மடியில் தூங்கும் தம்பி. எங்கே குதிப்பது?

மார்கழியோடு பள்ளிக்கூடம் நின்றது. மூன்றாம் வருஷம், திருவொற்றியூர் வீட்டில் என் நாத்தனார் டிரெயினிங் சேரக் கிளம்பினாள். அவள் பெட்டியை நான்தான் அடுக்கினேன். பொறாமையில், மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்தேன். அன்று முறுக்கு நீட்டிய அம்மாள், இப்போது என் அத்தை, அதைப் பார்த்துவிட்டார்.

“உன்னையும் படிக்க வைக்கணும்னுதான் அன்னைக்குக் கடற்கரையில கேட்டேன். நீதான் வேண்டாம்னுட்ட.”

“முறுக்கை ரெண்டு தரம் நீட்டினீங்களே அத்தை. இதை ஒரு தரந்தானே கேட்டீங்க?”

“படிப்பைப் போயி மரியாதைக்கு வேண்டாம்னு சொல்லுவாங்களாட்டி?” என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் பெட்டியைப் பூட்டி, சாவியை நாத்தனார் கையில் கொடுத்தேன்.