அம்புக்குறி போய் முடிகிற மேகம்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. உள்ளே மோட்டார் ஓடுகிறது. நெதர்லாந்துக்கு வந்த முதல் வாரம், காலையில் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மனசு தானாக நிம்மதியானது. எங்கள் பக்கத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் யாருடைய வயலுக்கோ தண்ணீர் பாய்கிறது என்று அர்த்தம். பிறகுதான் வீட்டின் சொந்தக்காரர் விளக்கினார். அதன் பெயர் கெமால். வயலில் ஊறும் தண்ணீரை இறைத்து வாய்க்காலுக்குத் தள்ளுவது அதன் வேலை. இந்த நிலம் கடல் மட்டத்தைவிடத் தாழ்வு, மோட்டாரை நிறுத்தினால் உருளைக்கிழங்கு அழுகிவிடுமாம். “நிலத்தைக் காய வைக்கவா ஓடுகிறது?” என்று கேட்டேன். என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்து அவர் மெதுவாக, இன்னும் உரக்க, மறுபடி சொன்னார். அவர் ஆங்கிலம் முதல் தடவையே புரிந்திருந்தது. சொன்ன விஷயம்தான் புரியவில்லை.

எங்கள் வயல் மாரண்டஹள்ளிக்கு மேற்கே இருக்கிறது. தக்காளிதான் பயிர். கிணறு கோடையில் வற்ற ஆரம்பித்த பிறகு அதன் பக்கத்திலேயே போர் போட்டார்கள். அது குறைந்ததும் இன்னொன்று. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பு, கல்லூரி என்று ஒவ்வொரு படியிலும் வீட்டில் முதல் ஆள் நான்தான். சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் முறையில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கான முனைவர் பட்ட ஸ்காலர்ஷிப் கிடைத்தபோது ஞாயிறு பூசையில் சாமியார் அதை அறிவித்தார்: “நம்ம பங்குல இருந்து ஒரு பொண்ணு சிஸ்டம் படிக்க வெளிநாடு போவுது.” எங்கள் ஊரில் சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர். அன்று சாயங்காலமே ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “பாப்பா, ஆன் பண்ணா அப்பிடியே நிக்குது, செத்த பாரேன்.”

நான் படிக்கப்போவது அதுவல்ல என்று அப்பாவுக்கு விளக்க உட்கார்ந்தேன். ஒரு பொருளைத் தனியாகப் பார்க்காமல், ஒன்று இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்று பார்க்கும் படிப்பு என்றேன். நாம் ஆழமாகப் போர் போட்டால் பக்கத்து வயலில் வற்றுகிறது, அவர்கள் அதைவிட ஆழமாகப் போடுகிறார்கள், அப்போது நமக்கு வற்றுகிறது, இந்தச் சுற்றைப் படமாக வரைந்து கணக்குப் போடுவேன் என்றேன். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். “இதுக்கு எதுக்கு ஃபிளைட்டு? வரப்புல நின்னு ரெண்டு பேரு சண்ட போட்டா தெரிஞ்சிடுமே.” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தச் சிரிப்பைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

என் ஆராய்ச்சி வழிகாட்டியின் பெயர் மரைக்கா. இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயரின் கடைசியில் ஓர் அக்கா ஒளிந்திருப்பதால் எனக்கு அது முடிந்தது. எங்கள் பகுதியின் நிலத்தடி நீரைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். ஆனால் அது என் சொந்த ஊர் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள். பரிதாபத்தில் கிடைத்த ஸ்காலர்ஷிப் இல்லை என்னுடையது. வாராவாரம் அப்பா கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மரைக்காவிடம் அதை “ஒரு விவசாயி தரும் தகவல்” என்று காட்டுவேன். மழைக்காலத்தில் அடி கணக்கு வந்தது. தை பிறந்த பிறகு ஒரே வாக்கியம்தான்: “கவுறு நனையல பாப்பா.”

படத்தில் நிலத்தடி நீர் ஒரு பெட்டி. மழை அதற்குள் போகும் அம்புக்குறி, மோட்டார்கள் அதிலிருந்து வெளியே வரும் அம்புக்குறி. விவசாயக் குடும்பங்கள் இன்னொரு பெட்டி. தண்ணீர் குறையக் குறைய அந்தப் பெட்டியிலிருந்தும் ஓர் அம்புக்குறி வெளியேறும். அது எங்கே போய் முடிகிறது என்று மரைக்கா கேட்டார். ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்றேன். “அதெல்லாம் நம் எல்லைக்கு வெளியே. மேகம் வரைந்துவிடு,” என்றார். இந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஒன்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஆராய்ச்சி கேட்கப்போவதில்லை என்றால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேகம் போடுவார்கள். நானும் போட்டேன்.

அந்த வாரம் வீடியோ காலில் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அம்மாவும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பெட்டிகளை விட்டுவிட்டு அப்பா நேராக மேகத்துக்குத்தான் போனார்.

“அட, மழையெல்லாம் போட்டுருக்கியே! எந்த மாசத்துக்கு இது?”

“மழ இல்லப்பா. அது வந்து… சும்மா ஒரு குறி.”

“சும்மா போடறதுக்கு மேகமா கெடச்சுது?” என்றாள் அம்மா. “போடறதுதான் போட்ட, கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்.”

அது மனிதர்கள் காணாமல் போகிற இடம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

பங்குனியில் அப்பா நேரடியாகக் கேட்டார். இரண்டாவது போரும் காற்றைத்தான் துப்புகிறது. மாமா, அம்மாவின் தம்பி, ஓசூரில் ஓர் அப்பார்ட்மெண்டில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறார். தங்க ஓர் அறையும் உண்டு. “இன்னொரு போர் போடறதா, வூட்டப் பூட்டறதா? நீ படிச்சவ, நீயே சொல்லு.” எங்கள் வீட்டில் இதுவரை யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நான் அவகாசம் வாங்கிக்கொண்டு அந்தப் படத்தின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். நல்ல மழை, சுமாரான மழை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நீரின் கோடு கீழேதான் இறங்கியது. இன்னொரு போர் போட்டால் எங்கள் வயலோடு பக்கத்து வயல்களும் சீக்கிரம் காயும். இப்படி ஒரு பதிலைச் சொல்லத்தானே படித்தேன்? சொன்னேன். “போடாதீங்கப்பா.”

அவர் எதிர்த்துப் பேசியிருந்தால் தேவலை. “சரி பாப்பா” என்று மட்டும் சொன்னார். உயிர்த்த ஞாயிறு முடிந்த வாரம் ஓசூர் பஸ் ஏறினார்கள். சாவி பெரியப்பாவிடம் இருக்கிறது.

கயிற்றுச் செய்தி நின்றது. அடுத்த சந்திப்பில் மரைக்கா அட்டவணையின் காலிக் கட்டங்களைப் பார்த்துவிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். “இங்கே தண்ணீர் இல்லையா, அளக்க ஆள் இல்லையா? இரண்டும் வேறு வேறு.”

“ஆள் இல்லை.”

“அந்த விவசாயிக்கு என்ன ஆயிற்று?”

எனக்கு வேறு சொல் வரவில்லை. “மேகத்துக்குப் போய்விட்டார்,” என்றேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது நடந்தது, குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த விவசாயி இறந்துவிட்டதாக மரைக்கா நினைத்துக்கொண்டார் என்று எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. எந்தப் பரிதாபத்துக்கு அஞ்சி வாய் மூடி இருந்தேனோ, அது முழுசாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சாகவில்லை. அவர் என் அப்பா,” என்றேன். “ஓசூரில் இருக்கிறார். நம் படத்தில்தான் அவருக்கு இடமில்லை.”

மரைக்கா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். வேண்டுமானால் எல்லையை விரித்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். விரித்தேன். ஓசூர் ஒரு பெட்டியானது, நெதர்லாந்துகூட ஒரு பெட்டியானது. வயலுக்குத் திரும்பும் அம்புக்குறி ஒன்றை வரைந்து பார்த்தேன். அதற்கு எண் போட வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் நியாயமாகப் படவில்லை. அழித்துவிட்டு மேகத்தையே மறுபடி வைத்தேன்.

போன ஞாயிறு அப்பா அழைத்தார். காக்கிச் சட்டை புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கேட் திறப்பது, தண்ணீர் லாரி வந்தால் சொல்வது, மேல் டேங்குக்கு மோட்டார் போடுவது என்று வேலைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

“பாப்பா, உம் படத்துல நாங்க இப்ப எங்க இருக்கோம்?”

“அந்த மேகத்துலப்பா.”

“ஓ, அது அதுக்குத்தானா? நீ எங்க இருக்க?”

“நானும் அதே அம்புல வந்தவதானப்பா. அதே மேகந்தான்.”

“அப்ப எல்லாரும் ஒரே வூட்டுலதான் இருக்கோம்னு சொல்லு.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் குரல் மாறியது. “இரு இரு, டேங்க் வழியுது, திட்டுவாங்க!”

போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டு ஓடினார். திரையில் ஓசூர் வானம் மட்டும் இருந்தது. தண்ணீர் கொட்டும் சத்தமும் அதற்கு அடியில் மோட்டார் சத்தமும் கேட்டன. சிறிது நேரத்தில் அந்த மோட்டார் நின்றது. ஆனாலும் என் காதில் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அது என் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கெமால்.