அரைக் கிலோ கூரை

சென்ற ஆண்டு பழவேற்காட்டு ஏரியில் கயாக் படகு ஓட்டிப்போய், ஒரு மணல் திட்டில் மலிவான பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே படுத்து, முழுக்க நனைந்து, நிமோனியாவோடு திரும்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் மனைவி ஒரே நிபந்தனை விதித்தாள். அடுத்த முறை கூரையாக எதை வாங்குகிறேனோ, அதை எங்கள் மொட்டை மாடியில் கட்டி, மழையில் ஒரு மணி நேரம் அதன் கீழே படுத்துக் காட்ட வேண்டும். நனைந்தால் கயாக்கை விற்றுவிட வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

ஆவடியில் ஒரு தொழிற்சாலைக்கு வரும் துணிச் சரக்கைச் சோதித்து ஏற்பதும் திருப்பி அனுப்புவதும்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் என் வேலை. துணி எடை குறைந்தால் ஒப்பந்தக்காரர் நூலில் கைவைத்துவிட்டார் என்று பொருள், திருப்பி அனுப்பு. ஓய்வு பெற்றபோது மேசையை ஒப்படைத்தேன், இந்த விதியை ஒப்படைக்க மறந்துவிட்டேன். ஆகவே முறைப்படி மூன்று கடைகளில் விசாரித்து, பாடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கடையில் இருப்பதிலேயே கனமானதை வாங்கிவந்தேன்.

கயாக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடும் நண்பர் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூட்டையை ஒரு கையால் தூக்கப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் தூக்கினார், கீழே வைத்தார்.

“இன்னா சார் இது, தார்ப்பாய வாங்கிகினு வந்துட்ட, லாரிய எங்க உட்ட?”

“கனமா இருந்தாத்தான் தண்ணி உள்ள வராது.”

“வராது. நாமதான் தண்ணிக்குள்ள பூடுவோம். கேனு, அடுப்பு, அரிசி, உன் தொப்ப, என் தொப்ப, அல்லாம் அதே போட்லதான் கீது.”

மறுநாள் அவரே என்னைப் பூந்தமல்லியில் தனக்குத் தெரிந்த ஒரு பாயின் கடைக்கு இழுத்துப்போனார். கடைக்காரர் தண்ணீர் பாட்டில் அளவில் ஒரு பையை மேசைமேல் வைத்தார்.

“நைலான் சார், சிலிகான் பூசினது. பத்தடிக்குப் பத்தடி. மலையேறப் போறவங்க வாங்குவாங்க. அரைக் கிலோதான்.”

கையில் வாங்கிப் பார்த்தேன். “எடை குறைவா இருக்கே.”

“அதுக்குத்தானே சார் காசு!”

துணியைப் பொட்டலம்போல் மடித்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பாய் பொறுமைசாலி, பிடித்துக்கொண்டு நின்றார். அடியில் ஒரு துளிகூட இல்லை. நான் குனிந்து மறுபடியும் பார்த்தேன்.

“உட்டுடு சார்,” என்றார் நண்பர். “நீ பாக்கற பார்வைக்கே அது ஒழுகிடும்.”

வாங்கினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை வானம் இருட்டியது. மாடிக்கு ஓடி, துணி உலர்த்தும் கம்பங்களில் நான்கு மூலைகளையும் கட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நூல் பிசகாத சமதளம். கோரைப்பாயை விரித்துப் படுத்தேன். மழை பிடித்தது.

இருபது நிமிடம் பரம சுகம். பிறகு துணியின் நடுவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. கூரை மெல்ல வயிறு பெருத்து என் மூக்கை நோக்கி இறங்கியது. துணி ஒழுகவில்லை, ஆனால் முடிச்சுகள் முனகின. ஒன்று நழுவினாலும் நாலைந்து குடம் தண்ணீர் என்மேல்தான். எழுந்தாலும் தோல்வி; இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி. கயாக் போயிற்று என்றே நினைத்தேன்.

குடையோடு மனைவி வந்தாள். “என்னங்க இது, நீச்சல் குளமா?”

“ரசமட்டம் வச்சுத்தான் கட்டினேன்.”

“மாடித் தளத்துக்கே வாட்டம் விட்டுத்தானே கட்டினோம்? துணிக்கு வேணாமா?”

அவள் சும்மா நின்றிருந்தாலே ஜெயித்திருப்பாள். ஆனால் கால்மாட்டில் ஒரு மூலைக் கயிற்றைத் தளர்த்தி, ஒரு முழம் இறக்கிக் கட்டினாள். தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஹோவென்று அந்தப் பக்கம் வழிந்து மழைநீர்க் குழாய்க்குப் போனது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் குனிந்து என் முதுகுக்கடியில் கைவிட்டுச் சட்டையைத் தடவினாள். பாயைத் தடவினாள். ஆயிரக்கணக்கான துணிக் கட்டுகளை நானும் இப்படித் தடவிப் பார்த்தவன்தான். கட்டுகளின் நிலைமை அன்றுதான் புரிந்தது.

“காஞ்சுதான் இருக்கு. போய்ட்டு வாங்க,” என்றாள். “அந்த ரசமட்டத்த மட்டும் வீட்லயே வச்சிடுங்க.”

அவள் இறங்கிப் போனாள். மழை விடவில்லை. யாரும் கேட்காமலே இன்னும் அரை மணி நேரம் அங்கேயே படுத்திருந்தேன்.