ஒரு சிரட்டை வஜ்ஜிரம்

எஸ்தர் சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற கார்டு, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் விருதுநகரில் என் கைக்கு வந்தது. ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவரிடம் வசவு வாங்காதவர் எங்களில் யார்? டாக்டர் என்றும் பாராமல், "கையக் களுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று என்னையே வெளியே அனுப்பியவர்.

ஐம்பதுகளின் கடைசியில் விஸ்வநத்தத்திலிருந்து சண்முகத்தாய் வந்தாள். பதினேழு வயது. பட்டாசு வெடித்ததில் கணுக்காலுக்கு மேல் மூன்று விரற்கடை எலும்பு சிதறிப் போயிருந்தது. புண்ணைச் சுத்தம் செய்து மாவுக்கட்டுப் போட்டோம். ஆறு வாரம் கட்டைத் தொடக்கூடாது. உள்ளேயே புண் ஆறவேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும், பிடுங்கட்டும். ஆறிய பிறகு இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து அந்த இடைவெளியில் வைப்பதாக இருந்தோம்.

அவள் அப்பா மாடசாமி, தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி மருந்துக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர். அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சிஸ்டரிடம் தள்ளிவிட்டு நடந்தேன். இடுப்பில் எடுப்பதையும் அவர் தன்மையாகத்தான் சொன்னார்: "பயப்படாதீகய்யா. எலும்பு போன எடத்துல எலும்பை வச்சா சேந்துக்கிடும்." மாடசாமி தலையாட்டினார். படுக்கை இல்லாததால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினோம்.

நான்காம் வாரம் மாட்டுவண்டியில் திரும்பி வந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மாவுக்கட்டில் ஓட்டை; புண் முழுக்கப் பழுப்பாய் வஜ்ஜிரம் உறைந்திருந்தது.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்கீக!" என்று கத்தினேன்.

"எலும்பை வச்சா சேரும்னு சிஸ்டரம்மாதான சொன்னாக. வஜ்ஜிரமும் மாட்டெலும்பைக் காய்ச்சுறதுதானய்யா. பிள்ளை இடுப்பையும் எதுக்கு வெட்டணும்னு... ஒரு செரட்டைதான், ஆறவச்சுத்தான் ஊத்துனேன்."

சிஸ்டர் கத்தரியை எடுத்து மிச்சக் கட்டை வெட்டினார். பென்சிலின் போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை. மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேல் காலை எடுத்தேன். கத்தியை என் கையில் தந்தவர் அவர்தான்.

"நாஞ் சொன்ன சொல்லுதான் டாக்டர் அவ காலை எடுத்துருச்சு" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எந்த வீட்டாரையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. "நாஞ் சொன்னதை ஒருக்கா நீங்க சொல்லுங்க, கேப்போம்." சரியாகச் சொல்லும்வரை வாசலை மறித்து நிற்பார்.

அந்த ஒரு வரியைத்தான் நான் வைத்திருக்கிறேன். தினமும் கேட்கிறேன். யாராவது சொல்லாமல் தலையாட்டினால் இன்றும் நானே வாசலை மறித்து நிற்கிறேன். சிஸ்டர், அது உங்கள் சொல்லால் வந்ததல்ல. சொல்ல வேண்டியவன் நான், நடையைக் கட்டியவனும் நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. கேட்க நீங்கள் இல்லை.