சாமைக்கு ஒரு பரண்

வத்தல்மலையில் காலை பத்து மணிவரை மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே நடந்துவிடும்போலத் தோன்றும். அப்படியொரு காலையில்தான் எங்கள் மகளிர் குழுவிலிருந்த பதினொரு பெண்களிடம், "சாமைய வியாபாரிக்குப் போடாதீங்க, போன்லயே வெளியூருக்கு வித்துரலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். அடிவாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தைரியம். படம் எடுக்க, விலை போட, பதில் எழுத எல்லாம் சொல்லித் தந்தார்கள். உங்கள் ஊரில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான் சிக்னல் வரும். சாமையின் படமும் விலையும் அங்கிருந்துதான் போட்டேன்; பதில் பார்க்கச் சாயங்காலம் வேலை முடித்து ஏறுவேன். ஒருநாள் ஏறியதும் மூன்று செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. காலையில் ஒருவர் மொத்தச் சாமையையும் கேட்டிருக்கிறார். மதியம் மறுபடி கேட்டிருக்கிறார். கடைசியில், வேறு இடத்தில் வாங்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

இறங்கவே மனமில்லை. பதினொரு வீட்டிலும் மூட்டை அப்படியே கிடக்கிறது, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அழுதுவிட்டுத்தான் இறங்கினேன்.

என் ஓரகத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் நீளம். அன்று அவள் திட்டவில்லை. "பன்னி எப்ப வரும்னு தெரியாமத்தான காட்டுல பரண் போட்டு ஒக்காந்திருக்கோம்? பாறை மேலயும் ஒண்ணு போடு. மொற வெச்சு ஒக்காரலாம்" என்றாள்.

போட்டோம். என் போனோடு ஆளுக்கு அரை நாள் காவல். என் முறையில் பாதி தூக்கம், பாதி கனவு. கீழே ஊர் மேகத்தில் முங்கிக் கிடக்கும், மாட்டு மணி மட்டும் கேட்கும். எங்கோ ஒருவர் சாமைப் பொங்கலை நினைத்துக்கொண்டு போனைக் கையில் எடுப்பதாக நினைத்துக்கொள்வேன். ஒன்பது நாள் யாரும் எடுக்கவில்லை.

பத்தாம் நாள் ஓரகத்தியின் முறை. போன் மணி அடித்ததும் எடுத்து, "இருங்க சாமி, போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு, பன்றியைக் கண்டால் போடும் அதே கூச்சலைப் போட்டிருக்கிறாள். பக்கத்துக் கேழ்வரகுக் காடுகளில் இருந்த நாங்கள் தடியும் நாயுமாக ஓடினோம். பட்டப்பகலில் எங்கே பன்றி வரும் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. அவள் போனைக் கோழிக்குஞ்சைப்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஓசூர்ல கடை வெச்சிருக்கேன். சாமை இருக்குங்களா?" என்றது குரல்.

"இருக்குங்க." மூச்சிரைத்தது, அழுகையும் வந்தது.

"மொத்தமும் எடுத்துக்கறேன், வண்டி அனுப்பறேன். ஒரே சத்தமா இருக்குதே. உங்க கம்பெனில எத்தன பேருங்க?"

திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாருமே இங்கதான் நிக்கறோங்க."