நீர்ச்சக்கரத்து வீட்டு வக்கீல்

அந்தப் பள்ளத்தாக்கில் முக்கால்வாசிப் பேருக்கு ஹோஷி என்றுதான் குடும்பப் பெயர். அதனால் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வீட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வக்கீல் ஹோஷி மசநோரி பிறந்தது ஆற்றோரம் நீர்ச்சக்கரம் வைத்து மாவரைத்த வீட்டில். கோட்டு மாட்டிய பிறகும் அவர் நீர்ச்சக்கரத்தார்தான்.

இருபது வருஷம் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையுமாக வக்கீல் தொழில். பாலம் இடிந்து கணவனைப் பறிகொடுத்த ஒருத்திக்காக வழக்காடி ஜெயித்தார். நன்றி சொல்ல வந்தவள், "தீர்ப்பு வந்துடுச்சுங்க, பாலம் எப்ப வரும்?" என்றாள். அடுத்த தேர்தலில் வக்கீல் மாகாண சபைக்கு நின்று ஜெயித்தார். பாலமும் வந்தது.

மூன்றாம் முறை நின்றபோதுதான் சிக்கல். பனிக்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இருந்த ஒரே டாக்டரை மாகாணம் திரும்ப அழைக்கப் பார்த்தது. சபையில் அதைத் தடுக்க அவரை விட்டால் ஆளில்லை. எதிரே நின்றவரோ கீழூர்க் கென்தா, அவரும் ஹோஷி. வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுத வேண்டும். வெறும் ஹோஷி என்று எழுதினால், அந்த ஓட்டு இருவருக்கும் பின்னமாகப் பிரிந்து போய்விடும்.

"மசநோரின்னு எழுதுங்கக்கா" என்று வீதி வீதியாக நின்று கெஞ்சினார்.

தோஃபு விற்கும் தோமி சிரித்தாள். "மசநோரியா, அது யாரு? உங்கம்மாகூட உங்கள அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லையே!"

மறுநாள் காலை பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணினார்கள். பின்னமெல்லாம் பிரித்துக் கொடுத்த பிறகு வக்கீல் இருபத்துமூன்று புள்ளி ஆறு ஓட்டுப் பின்தங்கியிருந்தார். அவர் மனைவி சாயோ உள்ளுக்குள் புத்தரைக் கும்பிட்டபடி இருந்தாள். மேசையில் நாற்பத்தொரு சீட்டு தனியே கிடந்தது. அத்தனையிலும் 'நீர்ச்சக்கரம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

நகரத்திலிருந்து வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இது யாரோட பேருங்க? செல்லாததுல சேர்த்துடலாமா?"

வக்கீலுக்குச் சட்டம் தெரியும். யாரைக் குறிக்கிறது என்பது தெளிவாக இருந்தால் சீட்டு செல்லும். ஆனால் அதை வேட்பாளர் வாய் திறந்து சொல்லக் கூடாது; பார்வையாளர் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எண்ணும் மேசையில் சாட்சியாக இருந்தவர் கென்தாவின் சொந்தச் சித்தப்பா. அதிகாரி அவரைத்தான் கேட்டார்.

கிழவர் ஒரு சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தெரியாதுன்னு சொன்னா எங்க பையன் ஜெயிச்சுடுவான்" என்றார் கிழவர். "ஆனா எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே அங்கதான் மாவு அரைச்சோம். எப்படிங்க தெரியாதுன்னு சொல்றது? அது அவருதான், வேற யாரு?"

நாற்பத்தொன்றும் செல்லும் என்று எழுதினார்கள். பதினேழு புள்ளி நாலு ஓட்டில் ஜெயம். எழுந்த வக்கீல் முதலில் கிழவர் முன் இடுப்பு வளைய வணங்கினார்.

"சும்மா இருங்க, உங்களுக்காக ஒண்ணும் சொல்லல. எனக்கும் பனிக்காலத்துல மூட்டுவலி வரும்ல!"

சாயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வக்கீல் வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"புத்தகம் மட்டும் கட்டியிருக்கேன்."

"பிரிச்சு அடுக்குங்க."