மாப்பிள்ளை கட்டிய ஒன்பது கஜம்

பெருமாள் கோயிலில் தாயாருக்குச் சாத்திக் களைந்த பட்டுப் புடவையை என் மாப்பிள்ளைக்குக் கொடுத்தவள் நான்தான். அவர் கேட்கவில்லை; எனக்குத் தெரியாமல் எடுக்கவும் இல்லை. அதை உடுத்திக்கொண்டு அவர் மேடையேறிப் பெண்ணாக ஆடினார் என்பதும் உண்மை. ஊரில் இதைப் பலர் பலவிதமாகச் சொல்லிவருவதால், நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

என் மகளின் கணவர் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பகலெல்லாம் இயந்திரங்களோடு இருப்பவர், மாலையில் ஒரு நாடகக் குழுவோடு இருப்பார். அந்தக் குழு இந்த ஆண்டு ஓர் இசை நாடகம் போட்டது. ஆண்களே சேலை கட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, பாடி ஆடி அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் நாடகம். அதில் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்கள், ஐவரும் மணப்பெண்கள். மேடை நடுவே ஒரு நாற்காலி. அதில் எவன் வந்து உட்கார்ந்தாலும் ஐவரும் மாலையோடு ஓடுவார்கள். அவனைத் தள்ளிவிட்டு இன்னொருவன் உட்கார்ந்தால், போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டு புதியவனிடம் ஓடுவார்கள். புதுச்சேரியில் வாழ்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிக்கல் மாப்பிள்ளையின் இடுப்பில் இருந்தது.

"அத்தை, ஆறு கஜம் எனக்கு ஒரு சுத்துதான் வருது. கொசுவம் வெக்கப் புடவையே மிச்சமில்ல" என்றார்.

"ரெண்டு புடவையச் சேத்துத் தெச்சுடலாம்மா. பந்தலுக்குத் துணி கட்டின மாதிரி அம்சமா இருக்கும்" என்றாள் என் மகள்.

எங்கள் வீட்டில் ஒன்பது கஜம் கட்டும் வழக்கம் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஒன்பது கஜம், கோயிலில் எனக்கு மரியாதையாகக் கொடுத்த தாயார் புடவைதான். பச்சை உடல், அரக்குக் கரை. பாராயணக் குழுவில் ஒவ்வொரு பாசுரத்துக்கும் முதலடி எடுத்துக்கொடுப்பவள் நான் என்பதற்காகக் கொடுத்தது. பீரோவைத் திறந்து அதை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். அவர் பயந்துவிட்டார். நான் பயப்படவில்லை.

ஏன் பயப்பட வேண்டும்? நாங்கள் ஓதும் பாசுரங்களில் எத்தனையோ, ஆண்கள் தம்மைப் பெண்ணாக எண்ணிப் பாடியவை. பிரிவில் வாடும் மகளாகவும், அவளுக்காகப் புலம்பும் தாயாகவும், இருவருக்கும் நடுவே நின்று தவிக்கும் தோழியாகவும் அடியார் ஒருவரே மாறி மாறிப் பேசுவார். அந்தச் சொற்களை ஐம்பது ஆண்டுகளாக வாயில் வைத்திருக்கும் ஒருத்தி, ஓர் ஆண் சேலை கட்டுவதைக் கண்டு முகம் சுளித்தால், அவ்வளவு காலமும் அவளுக்கு அசைந்தது உதடு மட்டுமே என்றுதான் பொருள்.

நாடகம் உப்பளத்தில் ஒரு சிறிய கூடத்தில் நடந்தது. நெற்றியில் திருமண் துலங்க, மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் பின்வரிசையில் சில இளைஞர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வழிதவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் மணப்பெண்ணாக மாப்பிள்ளை வந்தார். மீசையை மழித்திருந்தார். கொண்டையில் கனகாம்பரம், காதில் தொங்கட்டான், விளக்கொளியில் அரக்குக் கரை தீயாக எரிந்தது. நாற்காலியைப் பிரிந்த துயரத்தில் அவர் தரையில் சாய்ந்து பாடத் தொடங்கினார்.

*வளையல் ஏறலையே தோழி, வளையல் ஏறலையே*
*நாற்காலி நெனப்புல நான் நாலு சுத்து பெருத்தேனே!*

தலைவனைப் பிரிந்தவள் மெலிந்து, அவள் கைவளை கழன்று விழுவதுதான் மரபு. பாசுரங்களில் அந்த வளைகள் விழும் ஓசையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவள் நான். இங்கே ஒருத்தி பிரிவில் பருத்துக்கொண்டே போகிறாள். தோழியாக வந்தவர் இடுப்பில் கைவைத்து, "கட்சி மாறும்போதெல்லாம் விருந்து வெச்சா கை பெருக்காதாடி?" என்று கேட்டதும் என்னையறியாமல் உரக்கச் சிரித்தேன். கூடத்தில் முதலில் சிரித்தது நானே. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் போலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்று, மறுபடி பாடும்படி, "பிஸ்! பிஸ்!" என்று கூவினார். மாப்பிள்ளை மறுபடியும் பாடினார். யாரை நேசிப்பது போல் யார் நடிக்கிறார்கள் என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

யாரோ அதைக் கைப்பேசியில் படம்பிடித்திருக்கிறார்கள். மறுநாள் மாலைக்குள் அது பாராயணக் குழுவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. புடவையின் கரையை எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். கோயில் மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது எல்லோரும் குனிந்து புத்தகத்தைப் புரட்டினார்கள். குழுத் தலைவர் மட்டும் எழுந்து வந்தார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகவே பேசுவார்.

"உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. புடவைய வாங்கி உள்ள வெச்சுடறோம். அதோட முடிஞ்சுது."

"யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லணும்?"

"அதான்... உங்க மாப்பிள்ளை."

"அவரத் திருடன்னு சொல்லணும்."

"ஐயோ, அப்படி யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் சொல்லணும்ங்கிறீங்க."

எனக்கு அடுத்து உட்காரும் பெண்மணி குறுக்கிட்டார். "ஆம்பள கட்டின பொறவு அதத் தாயார் புடவைன்னு எப்படிக்கா சொல்றது?"

"உள்ள தாயாருக்குக் கட்டிவிடறது யாரும்மா? அர்ச்சகர் ஆம்பள இல்லியா?"

தூணோரம் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வருஷத்துல ஒரு நாள் பெருமாளே மோகினியா சேல கட்டிக்கிட்டு, மூக்குத்தி போட்டுக்கிட்டு ஊரச் சுத்தி வர்றாரு. அன்னைக்கு நாம யாரும் கண்ண மூடிக்கல" என்றேன்.

தலைவருக்கு முகம் சிவந்தது. "பெருமாள் நாற்காலிக்காகக் கட்டலம்மா."

"மாப்பிள்ளையும் நாற்காலிக்காகக் கட்டல ஐயா. நாற்காலிக்காக எந்த வேஷமும் கட்டறவங்களக் காட்டறதுக்குக் கட்டினாரு."

"பாராயணத்துல அரசியல் வேணாம்."

"கோயில் வாசல்ல எம்.எல்.ஏ. படம் போட்டு பேனர் தொங்குதே, அது என்ன பாசுரமா?"

நான் மனம் மாறும்வரை முதலடியை வேறொருவர் எடுப்பார் என்றார் தலைவர். அடுத்து உட்காரும் பெண்மணியையே கைகாட்டினார். நான் என் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். அந்த முதலடியை எடுக்கும்போது என் நெஞ்சில் ஏறும் சூட்டுக்காகவே எத்தனையோ காய்ச்சல் நாட்களிலும் குளித்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு எடுத்தவர் சுருதியைத் தாழ்த்தி எடுத்தார். நான் அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே, ஓர் எழுத்தும் விடாமல், முழுக் குரலில் ஓதிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார். செய்தி அவரை எட்டியிருந்தது. புடவையை இஸ்திரி போட்டு, மடித்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பின்னால் மகள் நின்றாள், அழுதிருந்தாள்.

"அத்தை, இதக் கோயில்ல குடுத்துடுங்க. நான்தான் கேக்காம எடுத்தேன்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. சனிக்கெழம அடுத்த ஆட்டத்துக்கு வேற ஏதாவது சுத்திக்கிறேன். எனக்காக நீங்க பின்னாடி உக்கார வேணாம்."

"உங்களுக்காக உக்காரல மாப்பிள்ளை. பாசுரம் சொல்ற வாயால அந்தப் பொய்யச் சொல்ல முடியல, அதனால உக்கார்றேன்."

"அவங்க உங்கள மறுபடி முன்னாடி கூப்பிட மாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

"கூப்பிட வேணாம். பின்னாடி உக்காந்தாலும் பெருமாளுக்குக் கேக்கும்."

மாப்பிள்ளை தட்டை நீட்டியபடியே நின்றார். நான் புடவையை எடுத்து உதறி விரித்தேன். முந்தானை ஓரத்தில் முகப்பொடி சிறிது ஒட்டியிருந்தது. மகளை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.

"ரெண்டாவது தடவ பாடும்போது கொசுவம் தளந்து போச்சு. கட்டிவிட்டது யாரு? முடிச்சே சரியில்ல" என்றேன்.

"இப்பவா அத்தை? பேன்ட் போட்டிருக்கேன்."

"பேன்ட்டு மேலயே கட்டறேன், பாத்துக்குங்க. வயித்த உள்ள இழுங்க. கையத் தூக்குங்க மாப்பிள்ளை."